சம்பந்தம் சாரின் குடலிறக்கம்

இருமினால் வெளியே வந்தது. படுத்தால் உள்ளே போனது. டாக்டர் சம்பந்தம் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று இன்னொரு தரம் இருமிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. வலது பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே, எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம்.

ஊரார் ஹெர்னியாவைத் தைத்தே வீடு கட்டிய மனிதர் அவர். மேற்குத் தாம்பரத்தில் அந்த வீட்டை இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் 'ஹெர்னியா டாக்டர் வூடு' என்றுதான் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்டவருக்கே வந்துவிட்டது. அது வந்த விதத்தை நினைத்தால்தான் அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தேசிய அறுவை மருத்துவர் சங்கத்தின் பழைய மாநாட்டு மலர்களைப் பரணிலிருந்து இறக்கிப் புரட்டிப் பார்க்கலாம் என்று முந்தின நாள் ஆசைப்பட்டார். கட்டு கனமாக இருந்தது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

"உள்ள என்ன நடக்குது, கச்சேரியா?" என்று கதவைத் தட்டினாள் அவர் மனைவி அபிதகுஜாம்பாள். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் இரண்டே வரியில் போட்டு முடிக்கப் பார்ப்பாள்.

"அபிதம், எனக்கு ஹெர்னியா."

"சரி. யார்கிட்ட பண்ணிக்கப் போறீங்க?"

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கத்தி பிடிக்கிற அத்தனை பேரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். சங்கத்தின் தாம்பரம் கிளையை ஆரம்பித்ததே அவர்தான். ஒருவனைக் கூப்பிட்டால் இன்னொருவன் மனசு என்ன பாடுபடும்? "என்னை ஏன் சார் கூப்பிடல?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

"இத்தனை பேர்ல ஒருத்தனை எப்படி அபிதம் தேர்ந்தெடுப்பேன்? எல்லாரும் என் குழந்தைங்க மாதிரி."

"குழந்தைங்கள்ல யாருக்குக் கை நடுங்காதோ அவனைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தோசை வார்க்கப் போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்ததில் தனசிங்கின் பெயர் முதலில் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருப்பவன். நிதானமான கை. சம்பந்தம் அவனுக்குப் போன் போட்டார்.

"தனசிங், எனக்கு ஹெர்னியாப்பா. நீதான் பண்ணணும்."

லைன் போய்விட்டதோ என்று சம்பந்தம் இரண்டு தரம் "ஹலோ" சொன்னார்.

"சார்..." என்று இழுத்தான் தனசிங். "நானா சார்?"

"நீதான்ப்பா."

"சார், நான்... நான் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் சார்."

போனை வைத்த சம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள்? குருவைத் தொடுவதற்கு முன்னால் கடவுளிடம் கேட்கிறான்.

மறுநாள் காலையில் தனசிங் நேரில் வந்தான். கையில் ஆப்பிள், மாதுளை. ராத்திரி தூங்காத கண்.

"சார், எனக்குப் பெரிய பாக்கியம்தான். ஆனா ஒரு தர்மசங்கடம். கிளைத் தேர்தல் வருது. தலைவர் பதவிக்கு நானும் நிக்கிறேன், ஜெயகிருஷ்ணனும் நிக்கிறான். இப்ப நான் உங்களுக்கு ஆபரேஷன் பண்ணேன்னா, அவன் குரூப் சும்மா இருக்க மாட்டாங்க சார்."

சம்பந்தத்துக்கு அது உறைத்தது. தான் ஒரு வயிறு மட்டும் இல்லை, ஒரு வாக்கு வங்கி என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சங்கத்துக்குள் தன்னால் ஒரு பிளவா? கூடவே கூடாது. தனசிங்கை அனுப்பிவிட்டு, சமாதானமாகப் போகட்டும் என்று ஜெயகிருஷ்ணனைக் கூப்பிட்டார்.

ஜெயகிருஷ்ணன் பம்மலில் பெரிய சர்ஜன். சத்தமாகப் பேசுவான், சத்தமாகச் சிரிப்பான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"தனசிங்கை முதல்ல கூப்பிட்டுட்டு இப்ப என்னைக் கூப்பிட்டா எப்படி சார்? ஊரே பேசும். நான் பிடுங்கிக்கிட்டேன்னு சொல்லுவான். எனக்கு நியாயம்னு ஒண்ணு இருக்கு சார்."

"கோபமாப்பா?"

"உங்க மேல கோபப்படுவேனா சார்? விதி மேலதான்."

அபிதகுஜாம்பாள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள். "இதுல என்ன புரியல உங்களுக்கு? யாரு உங்க வயித்தைத் தொடறாங்களோ அவங்களுக்குத்தான் ஓட்டு. ரெண்டு பேருக்கும் உள்ள ஆசை, வெளிய சொல்லத்தான் கூச்சம்."

சம்பந்தம் அன்று மத்தியானம் படுத்துக்கொண்டு யோசித்தார். படுத்தால் வீக்கம் உள்ளே போய்விடுகிறது. மனசில் இருப்பதுதான் போகமாட்டேன் என்கிறது. கடைசியில் கிளைச் செயலாளர் தோத்தாத்ரிக்குப் போன் பண்ணி, "கமிட்டி கூடி முடிவு பண்ணுங்க. நீங்க யாரைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றார். இதைவிட ஜனநாயகமாக ஒரு மனிதன் ஹெர்னியாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

கமிட்டி அன்று சாயங்காலமே கூடியது. தோத்தாத்ரி வீட்டுக்கே வந்து தகவல் சொன்னார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது.

"ஒரே கூச்சல் சார். இந்தக் கிளையில இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததே இல்ல. தனசிங் ஜெயகிருஷ்ணன் பேரைச் சொல்றான், இவன் அவன் பேரைச் சொல்றான்..."

"விட்டுக் கொடுக்கிறாங்களா?"

தோத்தாத்ரி அறுந்த பொத்தானின் நூலைத் திருகினார். "விட்டுக் கொடுக்கிறாங்கதான் சார். ஆனா அடிச்சுக்கிட்டு விட்டுக் கொடுக்கிறாங்க."

சம்பந்தம் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என்ன பிள்ளைகள். எப்படி வளர்த்தோம் இவர்களை என்று நினைத்தபோது அந்தக் காலம் அப்படியே எதிரே வந்து நின்றது.

அப்போது கிளைக்கு ஏது ஏ.சி. ஹால்? தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜின் மொட்டை மாடியை ஒட்டி ஒரு ஹால். ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். ஸ்லைடு காட்டுகிற மெஷின் சூடாகிவிடும், யாராவது ஒருவர் மாநாட்டு மலரால் அதற்கு விசிறிக்கொண்டு நிற்பார். டெல்லியில் இருக்கிற தலைமைச் சங்கம் புத்தகம் போடும், மாநாடு நடத்தும், தேர்வு வைக்கும், சர்க்காரோடு பேசும். எல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் சம்பந்தத்துக்குச் சங்கம் என்றால் அந்த மாடி ஹால்தான். பம்மலிலும் சேலையூரிலும் சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களில் தனியாக நின்று வயிற்றைத் திறந்தவனுக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க நாதி கிடையாது. நோயாளி போய்விட்டால் அதைச் சொல்லி அழவும் ஆள் கிடையாது. அந்த ஹாலில் வந்து, "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒருவன் சொல்லலாம். மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அதற்கப்புறம் எல்லோரும் கீழே போய்ப் பரோட்டா சாப்பிடுவார்கள்.

அந்தத் தப்புக் கூட்டத்தை நடத்துகிறவர் சம்பந்தம். முன்வரிசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார். "இது தையலா, இல்ல அரிசி மூட்டைக்கு வாய் கட்டினதா?" ஹாலே குலுங்கும். தனசிங் ஒரு முறை மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். ஜெயகிருஷ்ணன் போட்ட முடிச்சு ஒன்றைப் படமெடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு, 'இப்படிப் போடாதே' என்று எழுதி ஹாலில் மாட்டி வைத்தார் சம்பந்தம். பல வருஷம் அது அங்கேயே தொங்கியது. என்ன உரிமை, என்ன பாசம். இப்போது அந்த மாதிரி யார் இருக்கிறார்கள் என்று நினைத்து ஏங்கினார்.

"தோத்தாத்ரி, அந்த முடிச்சுப் படம் இப்ப எங்க இருக்கு?"

"தெரியல சார்" என்றார் தோத்தாத்ரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "லாட்ஜை இடிச்சப்ப காணாமப் போச்சு."

கிளையால் முடியாததை டெல்லி முடிக்கட்டும் என்று சம்பந்தம் தலைமைச் சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 'வேறு மாநிலத்திலிருந்து பொதுவான ஒரு சர்ஜனை நியமிக்க வேண்டுகிறேன். இங்கே என் பொருட்டு சகோதரச் சண்டை மூண்டிருக்கிறது' என்று விவரமாக எழுதினார். பதில் உடனே வந்தது. தேசியத் தலைவருக்கு விஷயம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மண்டல மாநாடு இந்த முறை தாம்பரத்தில்தான் நடக்கப் போகிறது. அதில் இந்த ஆபரேஷனையே நேரடியாகச் செய்து காட்டினால் என்ன? ஆஸ்பத்திரியில் நடப்பதை ஜி.எஸ்.டி. ரோடு கல்யாண மண்டபத்தில் திரையில் காட்டலாம். இளம் சர்ஜன்களுக்கு நல்ல பாடம். யார் செய்வது என்பதை மட்டும் கிளையே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

"கிணறு வெட்டச் சொன்னா கடலையே கொண்டாந்து வீட்டுக்குள்ள விட்டுட்டீங்க" என்றாள் அபிதகுஜாம்பாள்.

"இல்ல அபிதம். இதுல ஒரு வழி இருக்கு. எல்லாருக்கும் பங்கு இருக்கிற மாதிரி பண்ணிட்டா பொறாமையே வராது."

அந்த வழியை அவர் கிளைக் கூட்டத்துக்கு நேரில் போய் அறிவித்தார். ஒரு கையால் வேட்டிக்கு மேலே வீக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"யாரு பண்ணாலும் பரவாயில்ல. எனக்கு முழு மயக்கம் வேண்டாம். முதுகுல ஊசி மட்டும் போடுங்க. நான் முழிச்சிட்டு இருப்பேன். தலைக்கு மேல ஒரு டி.வி. வைங்க, கழுத்துல ஒரு மைக் மாட்டுங்க. ஆபரேஷன் நடக்க நடக்க, எது சரி, எது தப்புன்னு நானே படுத்துகினே சொல்லிட்டு வர்றேன். மண்டபத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கட்டும். பழைய லாட்ஜ் ஹால் மாதிரியே இருக்கும்."

கடைசி வரிசையில் யாரோ தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார்கள். முன்வரிசையில் தனசிங் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். ஜெயகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருஷம் கழித்தும் தன் பேச்சுக்கு இப்படி உருகுகிறார்களே என்று சம்பந்தம் நெகிழ்ந்துபோய்க் கீழே இறங்கினார்.

சண்டை தீரவில்லை. இரண்டு மடங்காகிவிட்டது. கிளையின் வாட்ஸப் குரூப்பில் மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னப்பா இது என்று கேட்டதற்குத் தோத்தாத்ரி மென்று விழுங்கினார். "நீங்க இருக்கிற குரூப்புல பேச வேண்டாம்னு வேற ஒரு குரூப் ஆரம்பிச்சுட்டாங்க சார். அதுல ராவும் பகலும் இதே பேச்சுதான்."

"என் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு பார்க்கிறாங்க."

"ஆமா சார்."

"தனசிங் எப்படி இருக்கான்?"

"உபவாசம் இருக்கான் சார். ஜெயகிருஷ்ணன் திருநீர்மலைக்குப் படியேறி வேண்டிக்கிட்டு வந்திருக்கான்."

இதைக் கேட்ட பிறகு சம்பந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. தன் ஒரு சின்ன வீக்கத்துக்காக, பார்த்துப் பார்த்து வளர்த்த கிளை உடையப் போகிறது. மகா பேஜாராகப் போய்விட்டது. நின்றால் வலித்தது, நடந்தால் இழுத்தது. மாநாடு வரை தாங்குமா என்றும் பயமாக இருந்தது. ஆயிரம் பேருக்குச் செய்தவருக்குத் தனக்கென்று வரும்போது காய் நறுக்குகிற கத்தியைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதை அவர் அபிதகுஜாம்பாளிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"பேசாம எங்கயாவது தள்ளிப் போய்ப் பண்ணிக்கலாம்" என்றாள் அவள். "மறைமலை நகர்ல ஃபேக்டரி ஆளுங்களுக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்காம். அங்க உங்களை யாருக்குத் தெரியும்?"

முகக்கவசம், தலையில் ஒரு குல்லாய், பெயர் பொன்னுசாமி. மின்சார ரயிலேறி இருவரும் மறைமலை நகர் போனார்கள். ஆஸ்பத்திரியில் கார் கம்பெனித் தொழிலாளிகள் விரலில் கட்டோடு வரிசையில் இருந்தார்கள். 'பொன்னுசாமி' என்று கூப்பிட்டபோது சம்பந்தம் திரும்பிப் பார்க்கவில்லை. அபிதகுஜாம்பாள் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தார்.

உள்ளே இருந்த சர்ஜன் முகத்தை நிமிர்த்தாமல், "படுங்க ஐயா. என்ன தொந்தரவு?" என்றான். இளவயது தாண்டிய, அமைதியான ஆள். வேட்டியை விலக்கி விரலை வைத்தான். "இருமுங்க."

சம்பந்தம் இருமினார். விரல் வைத்த இடம் அவருக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவோ அடக்கிப் பார்த்தார்.

"விரலை அங்கயா வைப்பாங்க? இன்னும் மேல. எவன்ப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தான்?"

விரல் அப்படியே நின்றுவிட்டது. டாக்டரின் முகம் வெளுத்துப்போனதைச் சம்பந்தம் படுத்தபடியே பார்த்தார்.

"நீங்கதான் சார்" என்றான் அவன் மெல்ல.

சம்பந்தம் தன் முகக்கவசத்தை இறக்கிவிட்டு நன்றாகப் பார்த்தால், தினகரன். லாட்ஜ் ஹால் காலத்தில் கடைசி வரிசையில் உட்காருகிற பையன். எத்தனையோ வருஷமாகக் கிளைப் பக்கமே வரவில்லை. எங்கே போனான் என்று சம்பந்தம் அடிக்கடி நினைத்துக்கொண்டதுண்டு.

"தினகரா, நீயா? நல்லதாப் போச்சுடா. நீயே ரகசியமா முடிச்சிடு."

தினகரன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போனான். திரைக்கு அந்தப் பக்கம் அவன் போனில் பேசுவது நன்றாகக் கேட்டது. "தோத்தாத்ரி சார், சம்பந்தம் சார் இங்க வந்துட்டார். நான் கூப்பிடல. என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் கூப்பிடல. உடனே கார் எடுத்துட்டு வந்து அழைச்சுட்டுப் போங்க."

சம்பந்தம் வெட்கிப் போனார். என்ன கட்டுப்பாடு. கைக்கு வந்த வாய்ப்பைக்கூட, சங்கத்துக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறானே. குருவாக இருந்துகொண்டு பொய்ப் பெயரில் வந்தது தான்தான். தோத்தாத்ரியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அபிதகுஜாம்பாளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கிடைத்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

ஊரப்பாக்கம் தாண்டி ஒரு லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. சம்பந்தம் தும்மினார். பலமான தும்மல். வீக்கம் சட்டென்று வெளியே வந்தது. அழுத்திப் பார்த்தார். போகவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, சாய்ந்து, காலை மடக்கி, என்னென்னவோ செய்து பார்த்தார். கல் மாதிரி நின்றுவிட்டது.

"இன்னா பெருசு, இப்டி நெளிஞ்சிகினு கீறே?" என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "உடம்புக்கு எதுனா ஆயிட்ச்சா?"

"ஆஸ்பத்திரிக்கு விடுப்பா. தாம்பரம்" என்றாள் அபிதகுஜாம்பாள். முன்சீட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேகமா விடு."

மாட்டிக்கொண்ட ஹெர்னியா தேர்தலுக்கோ மாநாட்டுக்கோ காத்திருக்காது. இன்றைக்கே செய்தாக வேண்டும். தாமதித்தால் குடல் செத்துவிடும். இதைத் தாம்பரத்தில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தனசிங், ஜெயகிருஷ்ணன், சேலையூர்க்காரர்கள், பல்லாவரத்துக்காரர்கள், மறைமலை நகரிலிருந்து ஆட்டோவைத் துரத்திக்கொண்டே வந்த தினகரன் என்று கிளையே திரண்டுவிட்டது. ஒரு அழைப்பு இல்லை, ஒரு அறிவிப்பு இல்லை. சம்பந்தத்துக்கு வலியிலும் நெஞ்சு நிறைந்தது. அந்தக் காலத்தில் மாடி ஹாலுக்கு இப்படித்தான் ஓடி வருவார்கள்.

எல்லோரும் டாக்டர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே குரல்கள் ஏறின, இறங்கின. அதற்கப்புறம் பெரிய கைதட்டல். தோத்தாத்ரி வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"முடிஞ்சுது சார். பேச்சுல தீரல, சீட்டு எழுதிக் குலுக்கிட்டோம். தினகரன் பேர் வந்திருக்கு."

"கைதட்டல் கேட்டுதே?"

"எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க சார். தனசிங்கும் ஜெயகிருஷ்ணனும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. தேர்தல்லகூட ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் கொடுக்கிறதாச் சொல்லிட்டாங்க."

சம்பந்தம் கையெடுத்துக் கும்பிட்டார். கிளை உடையவில்லை. இனிமேல் என்ன ஆனாலும் சரி. அபிதகுஜாம்பாள் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "பயப்படாமப் போயிட்டு வாங்க. வந்ததும் அந்தப் பரணை இடிச்சிடறேன்" என்றாள்.

தியேட்டருக்குள் மயக்க மருத்துவர் ஆபேல் ஊசியோடு நின்றிருந்தார்.

"சார், முழு மயக்கமே கொடுத்திடறேனே. நல்லா நிம்மதியாத் தூங்கிடுங்க."

"வேண்டாம்ப்பா. முதுகுல போடு. நான் பார்க்கணும்."

"சார், டாக்டருங்க எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கிறாங்க சார். தூங்கிடுங்க."

"அவங்க அன்பு அப்படி. நீ முதுகுல போடு."

ஆபேல் பெருமூச்சு விட்டு முதுகில் போட்டார். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டினாள் தியேட்டர் நர்ஸ் ரோஸி. நடு வயதுக்காரி. சம்பந்தம் கத்தி பிடித்த காலத்தில் இருந்தே அவரை அறிந்தவள்.

திரைக்கு அந்தப் பக்கம், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிட நிறைய நேரம் கேட்டது. சம்பந்தத்துக்குப் பயம் போய்விட்டது. பழைய ஹாலும், ரயில் சத்தமும், பரோட்டா வாசனையும், முன்வரிசையும் கடைசி வரிசையும் நினைவுக்கு வந்து, கண்ணோரம் ஈரமாக வழிந்தது. ரோஸி பஞ்சால் துடைத்துவிட்டாள்.

"வலிக்குதா சார்?"

"இல்லம்மா. அந்தப் பசங்களை நினைச்சேன். ஒரு தினகரன் ஜெயிச்சிட்டான். மத்தவங்க எல்லாம் எவ்வளவு ஆசையோட ஓடி வந்தாங்க. தோத்துப் போயிட்டோமேன்னு வெளிய எப்படி உட்கார்ந்திருப்பாங்களோ, பாவம்."

ரோஸி திரைத் துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"ஜெயிச்சவங்க எல்லாரும் வெளிய காபி குடிச்சிட்டு இருக்காங்க சார். தோத்தவர்தான் கை கழுவிட்டு வர்றாரு."